காலடியில் 150 நாட்கள்

புத்தகத்தின் மீது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று, எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே நம்மில் பலருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். காகிதம், நெல், சாப்பாட்டுத் தட்டு, அடுத்தவர் உடம்பு என்று எதன்மீது பட்டாலும் கை தானாகப் போகும். பல ஆண்டுகளாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் மீது ஷூ உரசிவிட்டால், கை பாதி தூரம் போய்த்தான் திரும்புகிறது. காரணம் கேட்டால் சரஸ்வதி என்றும் லட்சுமி என்றும் சொல்வோம். அந்தப் பழக்கத்துக்குள் இன்னொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றும். நெல்லில் ஒருவர் குனிந்து நின்ற நாட்கள் இருக்கின்றன. புத்தகத்தில் ஒருவர் உட்கார்ந்து யோசித்த நாட்கள் இருக்கின்றன. நாம் மிதிக்கக் கூசுவது அந்த நாட்களைத்தான்.

அப்படியானால் கையால் முடிச்சிட்டு நெய்த கம்பளத்தை என்ன செய்வது? வீட்டில் இருக்கும் பொருட்களில் மனித உழைப்பு மிக அடர்த்தியாகச் சேர்ந்திருப்பது அதில்தான். ஆனால் அது மிதிப்பதற்கென்றே செய்யப்பட்டது. இந்தக் கேள்வியைச் சில ஆண்டுகளாக யோசித்து வருகிறேன். கம்பளத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்பவை வீட்டு அலங்காரப் பத்திரிகைகளின் விஷயங்களாகவே பேசப்படுகின்றன. யாரென்றே தெரியாத ஒருவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி அவற்றுக்குள் இருக்கிறது.

நான் வசிப்பது ஹாம்பர்க்கில். முதுகலை படிக்க வந்து, தகவல் தொழில்நுட்ப ஆலோசகனாகத் தங்கிவிட்டேன். இந்த ஊரின் துறைமுகத்தை ஒட்டி ஷ்பைஷர்ஷ்டாட் என்ற பழைய கிடங்குப் பகுதி இருக்கிறது. 1883இல் கட்டத் தொடங்கினார்கள். 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கால்வாய்களின் ஓரம் வரிசையாகச் சிவப்புச் செங்கல் கட்டடங்கள். காபி, தேயிலை, மிளகு மூட்டைகளோடு ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான், இந்தியா, நேபாளம் ஆகிய நாடுகளின் கம்பளங்களும் இங்கேதான் வந்து இறங்கின. உலகில் கீழைநாட்டுக் கம்பளங்கள் மிக அதிகமாகக் குவிந்திருந்த இடங்களில் இது ஒன்று. கடைகள் இப்போது குறைந்துவிட்டாலும், மாடிகளில் இன்னும் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கம்பளம் அங்கிருந்து வந்ததுதான். மேற்கு ஈரானில் குர்து மக்கள் வாழும் பீஜார் வட்டாரத்தில் நெய்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பழமை என்றார் கடைக்காரர். ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு அந்துப்பூச்சி தின்ற ஓட்டையோடு வாங்கினோம். அதனால்தான் எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது.

*

கம்பளம் வாங்கப் போகிறவர் முதலில் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். முகத்தை யாரும் அழகாக்கிவிடலாம், முதுகு பொய் சொல்லாது. கையால் முடிச்சிட்ட கம்பளத்தின் பின்பக்கத்தில் முன்பக்கத்தின் அதே உருவங்கள், அதே நிறங்கள், சின்னச் சின்ன மணிகளாகத் தெரியும். ஒவ்வொரு மணியும் ஒரு முடிச்சு. பின்பக்கத்தில் துணி ஒட்டியிருந்தால் அது வேறு சரக்கு. துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணிக்குள் செலுத்தி, ரப்பர் பசை தடவி, பசையை மறைக்க இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். அதையும் 'கைவேலை' என்றுதான் விற்கிறார்கள். கருவியைப் பிடித்தது ஒரு கைதான் என்பதால் அதைப் பொய் என்று சொல்லவும் முடியாது. அடுத்து, குஞ்சத்தைப் பார்க்க வேண்டும். நல்ல கம்பளத்தில் குஞ்சம் என்பது பாவு நூலின் முனை. புடவை முந்தானையில் மிஞ்சிய பாவை முடிந்து விடுவதுபோல. அது தனியாகத் தைக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம்.

செய்முறை எளிது, முடிவில்லாதது. இரண்டு பாவு நூல்களைச் சுற்றி ஒரு கம்பளி இழையை முடிச்சிட்டு அறுக்க வேண்டும். பிறகு அடுத்த இரண்டு நூல்கள். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். துருக்கி முடிச்சில் இழை இரண்டு பாவு நூல்களையும் முழுதாகச் சுற்றும். பாரசீக முடிச்சில் ஒன்றை முழுதாகச் சுற்றி மற்றதன் பின்னால் மட்டும் போய் வெளியே வரும். ஜுஃப்தி என்று இன்னொரு முடிச்சு உண்டு. அதில் இரண்டுக்குப் பதில் நான்கு நூல்களைச் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டுவிடுவார்கள். வேலை பாதியாகக் குறையும், கம்பளத்தின் ஆயுளும் குறையும், மேலிருந்து பார்த்தால் எளிதில் தெரியாது. வணிகர்கள் இதை நெய்பவரின் நேர்மையின்மை என்று சொல்வார்கள். முடிச்சுக் கணக்கில் கூலியும், உயிர் வாழப் போதாத அளவில் அந்தக் கூலியும் இருக்கும்போது, நேர்மையின்மை எந்தக் கையிலிருந்து தொடங்கியது என்று நான் யோசிப்பேன்.

நிறத்துக்கும் இதே கதைதான். மஞ்சிட்டி வேர், அவுரி, மாதுளைத் தோல் போன்றவற்றால் சாயமிட்ட கம்பளி, வெளிறும்போதும் நிதானமாக வெளிறும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் செயற்கைச் சாயங்கள் மலிவாகக் கிழக்கே போய்ச் சேர்ந்தன. நீர் பட்டால் ஒழுகும் சிவப்பும் வெயிலில் சாம்பலாகும் ஊதாவும் அப்படி வந்தவை. ஒரு நூற்றாண்டு கழித்து ஹரால்ட் போமர் என்ற ஜெர்மன் வேதியியல் ஆசிரியர் துருக்கியில் பழைய கம்பளங்களின் சாயங்களை ஆராய்ந்து, 1981இல் டோபாக் என்ற திட்டம் தொடங்கக் காரணமானார். கிராமங்களில் இயற்கைச் சாயம் மீண்டது, நெய்யும் பெண்களுக்கென்று கூட்டுறவும் வந்தது. நிறத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு விற்பனையில் பங்கையும் கொடுத்ததுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

ஒரே நீலம் நடுவில் கொஞ்சம் மாறிப் பட்டையாகத் தெரிந்தால் அதை 'அப்ராஷ்' என்பார்கள். ஒரு தொட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த தொட்டிக்குப் போன இடம் அது. குறை இல்லை. குறைகளைப் பற்றி வணிகர்கள் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று உண்டு: முழுமை இறைவனுக்கு மட்டுமே உரியது என்பதால் நெய்பவர்கள் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்களாம். பல லட்சம் முடிச்சுப் போடும் ஒருவருக்குப் பிழையை வேண்டுமென்று வைக்கும் தேவை ஏன் வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

*

பல லட்சம் என்று சும்மா சொல்லவில்லை, எண்ணிப் பார்த்தேன். எங்கள் கம்பளத்தின் பின்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் 4 முடிச்சு, ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் 5. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20. ஒரு சதுர மீட்டருக்கு 2 லட்சம். கம்பளம் 2 மீட்டருக்கு 3 மீட்டர். ஆக 12 லட்சம் முடிச்சு. தேர்ந்த ஒருவர் ஒரு நாளில் 8,000 முடிச்சு போடுவதாக வைத்துக்கொண்டால், தனியாளாக 150 நாட்கள். ஆட்டு மயிரைக் கத்தரித்து, நூற்று, சாயமிட்டு, தறியில் பாவு கட்டிய நாட்கள் இதில் சேராது.

இந்தக் கணக்கு என் கையில் இவ்வளவு வேகமாக வந்ததற்குக் காரணம் என் தொழில். நாங்களும் நாட்களைத்தான் விற்கிறோம். 'ஆள்-நாள்' என்பதுதான் எங்கள் அலகு. ஒரு வேலைக்கு இத்தனை ஆள்-நாள், அதில் இத்தனை ஜெர்மனியில், மிச்சம் இந்தியாவில் என்று அட்டவணை போடுவோம். சென்னையில் வேலை பார்த்த முதல் நான்கு ஆண்டுகள் நான் அந்த அட்டவணையின் மலிவான வரிசையில் இருந்தேன். இப்போது அட்டவணை போடும் இடத்தில் இருக்கிறேன். ஒரே நிரல், ஒரே தரம், ஒரே இரவுத் தூக்கம் கெட்ட உழைப்பு. எந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து நாளின் விலை பல மடங்கு மாறும். இந்த இதழைப் படிக்கும் பலரின் குடும்பங்கள் இந்த வித்தியாசத்தின் மீதுதான் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் "பாவம், நெய்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்" என்று கம்பளக் கடையில் நின்று வருத்தப்படும்போது, நாம் முழுக்க வெளியிலிருந்து பேசவில்லை.

இந்த இரண்டு தொழில்களுக்கும் பொதுவான இன்னொரு விஷயம் புகழ்ச்சி. "இந்தியர்களுக்குக் கணக்கு இயல்பாக வரும்" என்று கூட்டங்களில் சொல்வார்கள். கம்பளத் தொழிலில் அதே இடத்தில் இருந்தது 'சின்ன விரல்கள்'. மெல்லிய முடிச்சுக்குக் குழந்தைகளின் விரல்தான் ஏற்றது என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்காக 1990களில் இந்தியக் கம்பளத் தொழிலை ஆராய்ந்தவர்கள், மிக நுண்ணிய முடிச்சுகளையும் பெரியவர்களே போடுகிறார்கள் என்றும் குழந்தைகளின் விரலால் மட்டுமே ஆகும் வேலை ஒன்றும் இல்லை என்றும் கண்டார்கள். குழந்தைகளை உட்கார வைத்ததற்குக் காரணம் விரலின் அளவில்லை, கூலியின் அளவு. ஒருவரின் திறமை பிறவியிலேயே வந்தது என்று புகழ்ந்துவிட்டால், அதற்குத் தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

அந்தச் சின்ன விரல்களில் ஒன்றுக்கு நமக்குப் பெயர் தெரியும். பாகிஸ்தானின் இக்பால் மசீஹ், ஒரு சிறு கடனுக்கு ஈடாக நான்கு வயதில் கம்பளத் தறிக்கு அனுப்பப்பட்டவன். பத்து வயதளவில் தப்பி, கொத்தடிமை முறைக்கு எதிராக நாடு நாடாகப் போய்ப் பேசினான். 1995 ஏப்ரல் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 12 என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1994இல், கைலாஷ் சத்யார்த்தியின் முயற்சியால் ரக்மார்க் என்ற சான்று இந்தியாவில் தொடங்கியது. இன்று அதன் பெயர் குட்வீவ். சான்று பெற்ற ஒவ்வொரு கம்பளத்தின் சீட்டிலும் தனி எண் இருக்கும். அதைக் கொண்டு எங்கே நெய்தது என்று பின்தொடரலாம்.

*

இதெல்லாம் தெரிந்த பிறகு, வாங்காமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் மகள் இந்த ஊரில் பிறந்தவள், வயது 14. அவளுக்கும் அவளது நண்பர்களுக்கும் இதுதான் முதல் பதில். ஒரு பொருள் அநீதியில் பிறந்தது என்றால் தொடாதே. அதில் ஒரு தெளிவு இருக்கிறது. ஆனால் அந்தத் தெளிவு யாருக்கு உதவுகிறது என்று பார்க்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்க 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அது சட்டமாகவில்லை. அந்தப் பேச்சுக்கே பயந்து வங்கதேச ஆடை ஆலைகள் குழந்தைகளைக் கூட்டமாக வெளியேற்றின. அவர்களில் பலர் கல் உடைக்கவும் இன்னும் மோசமான வேலைகளுக்கும் போனார்கள் என்று யூனிசெஃப் பிறகு பதிவு செய்தது. ஈரானியக் கம்பளங்களை அமெரிக்கா 2010இல் தடை செய்து, 2016இல் அனுமதித்து, 2018இல் மறுபடியும் தடுத்தது. அணுசக்தி பற்றிய சண்டையில், பீஜாரிலோ காஷானிலோ தறி முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

வாங்காமல் இருப்பதால் என் கை சுத்தமாகலாம், அவர் கையில் ஒன்றும் சேராது. எங்கும் எப்போதும் வாங்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. கேட்டுவிட்டு வாங்கு என்பதுதான் பொருள். எங்கே நெய்தது, யார் நெய்தார்கள், கூலி முடிச்சுக்கா மாதத்துக்கா, சான்று உண்டா? பதில் சொல்லத் தெரியாத கடையில் பணத்தை வைக்கத் தேவையில்லை. விலை மிகக் குறைவாக இருந்தால் மகிழ்ச்சி அடையாமல், குறைந்தது எங்கே என்று கேட்க வேண்டும்.

பழைய கம்பளம் வாங்குவது இந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்க ஒரு வழி என்று சிலர் நினைக்கிறார்கள். நெய்தவர் இறந்திருப்பார், பணம் அவருக்குப் போகப்போவதில்லை, அநீதி நடந்திருந்தால் அது முடிந்த கதை. உண்மையில் கேள்வி இங்கேதான் கடினமாகிறது. வின்ட்சர் அரண்மனையின் வாட்டர்லூ மண்டபத்தில் ஒரு பிரம்மாண்டமான கம்பளம் இருக்கிறது. விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்தது. எடை இரண்டு டன் அளவு. 1992 நவம்பரில் அரண்மனை தீப்பற்றியபோது ஐம்பது படைவீரர்கள் சேர்ந்து சுருட்டித் தூக்கி அதைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றியது சரிதானா என்று கேட்டால், சரிதான் என்றே எவரும் சொல்வோம். அது எரிந்திருந்தால் அந்தக் கைதிகளுக்கு நீதி கிடைத்திருக்காது; அவர்கள் உலகில் விட்டுப் போனதும் இல்லாமல் போயிருக்கும். அதே நேரம், அவ்வளவு கவனமாகக் காப்பாற்றியதால் அந்தக் கைதிகளின் கணக்கு தீர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை.

பராமரிப்பும் அப்பழுக்கில்லாதது என்று எண்ணிவிட முடியாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம், உலகின் புகழ்பெற்ற கம்பளங்களில் ஒன்று. 1539-40இல் முடிந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளம், இரண்டரைக் கோடிக்கும் மேல் முடிச்சு. வில்லியம் மாரிஸின் பரிந்துரையோடு 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். நிறம் போகாமலிருக்க, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்குப் போடுகிறார்கள். ஆனால் அது பிறந்தபோது இரட்டை. சிதைந்திருந்த இரண்டில் ஒன்றை முழுமையாக்க, மற்றொன்றின் பகுதிகளை வெட்டி எடுத்து இட்டு நிரப்பினார்கள். கரை இழந்து சிறுத்துப்போன அந்தச் சகோதரம் இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. நாம் ஒன்றைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றும்போது, அதற்கான துண்டு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

எங்கள் கம்பளத்தில் இருந்த ஓட்டைக்கு வருகிறேன். இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஓரங்களைத் தைத்து, மேலும் பிரியாமல் நிறுத்திவிடலாம். அருங்காட்சியகங்கள் இன்று பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. அல்லது அந்த இடத்தில் புதிதாகப் பாவும் ஊடையும் இட்டு, அதே நிறக் கம்பளி தேடி, முடிச்சு முடிச்சாக மறுபடி நெய்யலாம். தரையில் புழங்கும் கம்பளத்துக்கு இரண்டாவதுதான் உறுதி என்றார்கள். இந்த ஊரில் அந்த வேலை செய்யும், ஈரானிலிருந்து வந்த ஒரு பெண்மணியிடம் கொண்டுபோனோம். அவர் சொன்ன கூலி, முழுக் கம்பளத்துக்கும் நாங்கள் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு.

ஓட்டை 8 சென்டிமீட்டருக்கு 8. ஏறக்குறைய 1,280 முடிச்சு. மொத்தம் 12 லட்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு முடிச்சுக்கு, விலையில் மூன்றில் ஒரு பங்கு.

அவர் அதிகம் கேட்கவில்லை. சிதைந்த இடத்தில் பழைய நூலோடு புது நூலைச் சேர்ப்பது, புதிதாக நெய்வதை விட மெதுவான வேலை. ஹாம்பர்க்கில் வாடகை கொடுத்து வாழ்பவரின் நியாயமான மணிக்கூலி அது. என் மணிக்கூலியை விடக் குறைவுதான். "இதை நெய்தவங்களுக்கு எவ்வளவுப்பா கிடைச்சிருக்கும்?" என்று மகள் முன்பு ஒருமுறை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது தொகை தெரியாவிட்டாலும் அளவு தெரிந்தது. எல்லா முடிச்சுக்கும் இந்தக் கூலி கொடுத்திருந்தால், கம்பளத்தின் விலை நாங்கள் கொடுத்ததைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் இருந்திருக்கும். பழுது பார்ப்பதற்கும் புதிதாக நெய்வதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாராளமாகக் கழித்தாலும், அந்த விலைக்கு நாங்கள் வாங்கியிருக்க முடியாது. யாருமே வாங்கியிருக்க முடியாது. அதாவது அந்தக் கம்பளம் எங்கள் வீட்டுக்கு வந்ததே, யாரோ ஒருவரின் நாட்கள் மலிவாக இருந்ததால்தான்.

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? அங்கேதான் பராமரிப்பு என்ற சாதாரண விஷயம் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கியது.

அதன் விதிகள் எளியவை. ஆண்டுக்கு ஒருமுறை கம்பளத்தைத் தலைகால் மாற்றிப் போட வேண்டும். வெயிலும் நடையும் ஒரே பக்கத்தைத் தின்னக் கூடாது. தூசி உறிஞ்சியில் சுழலும் தூரிகையை நிறுத்திவிட வேண்டும். குஞ்சத்தின் மேல் அதைக் கொண்டுபோகவே கூடாது. ஏதாவது கொட்டினால் வெள்ளைத் துணியால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, தெரிந்தவர் கையால் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். எடுத்து வைப்பதானால் சுருட்டி, பருத்தித் துணியில் பொதிய வேண்டும். பிளாஸ்டிக்கில் பொதிந்தால் ஈரம் உள்ளே தங்கிவிடும். பீஜார் கம்பளங்களை மடிக்கவே கூடாது. ஊடையை அவ்வளவு இறுக அடித்திருப்பார்கள், மடித்தால் உள்நூல் முறியலாம். அந்துப்பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், சிறிய கம்பளத்தை நன்றாகப் பொதிந்து பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் சாகும்.

இந்த விதிகளில் எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது அந்துப்பூச்சி பற்றியது. அதன் புழு நடமாட்டம் இருக்கும் இடத்தைத் தவிர்க்கும். சோபாவுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், ஆள் புழங்காத இருட்டில்தான் தின்னும். எங்கள் கம்பளத்தின் ஓட்டையும், முந்தைய வீட்டில் ஏதோ ஒரு கனமான சாமான் மறைத்திருந்த இடமாகத்தான் இருக்க வேண்டும். நாள்தோறும் வெறுங்காலால் நடந்த நடுப்பகுதிக் கம்பளி பளபளவென்று இருக்கிறது. மிதிப்பதா கூடாதா என்று நான் குழம்பிக்கொண்டிருந்ததற்கு இப்படி ஒரு பதில் கிடைத்தது. மரியாதை என்று எண்ணி ஓரமாக ஒதுக்கி வைத்த இடமே முதலில் அழிகிறது. நெய்தவர் இதை நடப்பதற்காகவே நெய்தார். செருப்பில்லாமல், பார்த்து நடப்பதுதான் அவருடைய வேலைக்குக் கொடுக்கும் மரியாதை.

*

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தாமிரபரணிக் கரைக் கோரையில் பத்தமடைப் பாய் நெய்யும் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். பாய் தேயும், நைந்து போகும், நாம் புதிது வாங்குவோம். தேய்வதால்தான் நெய்பவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. நூறு ஆண்டு உழைக்கும் கம்பளத்தைச் சீராட்டிக்கொண்டிருப்பவர், புதிய கம்பளம் வாங்காதவர். இறந்தவரின் முடிச்சுக்கு உபசாரம் செய்து, உயிரோடிருப்பவரைப் பட்டினி போடுவது என்ன அறம்?

இந்தக் கேள்வி என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது. ஏனென்றால் இது சரியான கேள்வி. இதற்கு நான் கண்ட பதில், நமக்கு இருப்பது ஒரு கடன் அல்ல, இரண்டு என்பதுதான். ஒன்று, வாங்கும் நேரத்தில் வருவது. அது உயிரோடு தறி முன் உட்கார்ந்திருப்பவருக்கு உரியது. அதைக் கேள்வி கேட்டும், நியாயமான விலை கொடுத்தும்தான் அடைக்க முடியும். இரண்டாவது, வாங்கிய பிறகு தொடங்குவது. பாய் நெய்தவர், தன் பாய் தேயும் வேகத்தில் மறுபடி மறுபடி கூலி பெறுகிறார். கம்பளம் நெய்தவருக்கு ஒரே ஒருமுறைதான் கூலி. அதற்குப் பிறகு மூன்று நான்கு தலைமுறைகள் அவருடைய 150 நாட்களின் மேல் நடக்கின்றன. அந்த நீண்ட ஆயுளுக்கு யாரும் அவருக்கு விலை கொடுக்கவில்லை. கொடுக்கவும் இனி வழியில்லை. அவர் அதில் வைத்த ஆயுளை வீணாக்காமல் இருப்பது மட்டும்தான் நம்மால் ஆவது.

என் தொழிலில் இது புதிதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய நிரல்கள் இன்றும் வங்கிகளில் ஓடுகின்றன. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள். அவற்றைத் திறக்கும்போது, அந்த முகம் தெரியாதவர் எதற்காக இந்த வரியை இப்படி எழுதினார் என்று புரிந்துகொண்ட பிறகுதான் கைவைக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு எழுதப்படாத ஒழுக்கம். அதற்காக அவருக்கு ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. ஆனாலும் அதை மீறுபவரை நாங்கள் நல்ல தொழிலாளி என்று சொல்வதில்லை.

இரண்டு கடன்களையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. "நான் எவ்வளவு அருமையாக வைத்திருக்கிறேன் பாருங்கள்" என்பது, மலிவாக வாங்கியதற்குப் பதிலாகாது. வின்ட்சரின் ஐம்பது வீரர்கள் ஆக்ராவின் கைதிகளுக்குக் கூலி கொடுத்தவர்கள் ஆகமாட்டார்கள். மறுபக்கம், "நியாயமான விலை கொடுத்துத்தானே வாங்கினேன், என் பொருள், என் இஷ்டம்" என்பதும் முழு உண்மையில்லை. விலை கடைக்காரரோடு இருந்த கணக்கை முடிக்கிறது. பின்பக்கத்தில் மணி மணியாகத் தெரியும் அந்த நாட்களோடு உள்ள கணக்கு, கம்பளம் இருக்கும்வரை இருக்கிறது.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பொறுப்பு இருப்பதாக நினைக்கிறேன். ஒரு நாளின் விலை ஊருக்கு ஊர் எப்படி மாறும் என்பதை நாம் உடம்பால் அறிந்தவர்கள். சிலர் அதனால் மேலே வந்தோம். சிலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே பாத்திரம் கழுவி, அந்த மாற்றத்தை எதிர்த்திசையில் பார்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரியாமல் வளர்வது அவர்களின் நல்வாய்ப்பு. ஆனால் பொருட்களை எப்படிப் புரட்டிப் பார்ப்பது என்றாவது நாம் சொல்லிக் கொடுக்கலாம்.

கம்பள வணிகத்தில் ஒவ்வொரு கம்பளத்துக்கும் ஊர், வயது, முடிச்சு எண்ணிக்கை எல்லாம் எழுதுவார்கள். நெய்தவர் பெயர் மட்டும் இருக்காது. அர்தபீல் கம்பளத்தில் மக்சூத் என்ற பெயர் நெய்யப்பட்டிருக்கிறது. அவரும் தறியில் உட்கார்ந்தவர் இல்லை, வேலையை மேற்பார்த்த அரசவை ஆளாக இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் கம்பளத்துக்கு ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே வாங்கினோம், என்ன விலை, எந்த ஓரத்தில் யார் எவ்வளவு கூலிக்கு ஓட்டையை அடைத்தார், எந்த ஆண்டு கழுவினோம். கம்பளம் ஒருநாள் மகளிடம் போகும்போது தாளும் போகும். வைத்துக்கொள்வதும் விற்பதும் அவள் விருப்பம்.

அவள் அறைக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். இம்முறை புதியது, சான்றெண் உள்ளது, நேபாளத்தில் நெய்தது ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். துணி ஒட்டிய சரக்கைப் போல நான்கு மடங்கு விலை. அந்தப் பணத்துக்கு அறை முழுக்க விரிக்க முடியாது, கட்டிலுக்குப் பக்கத்தில் காலை இறக்கி வைக்கும் அளவுக்குத்தான் கிடைக்கும். அது போதும் என்று அவளே சொல்லிவிட்டாள்.